செத்த நாக்குக்கு வந்த ருசி

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் என் கையில் இருக்கும் பல் தடத்தை வந்து பார்க்கலாம்.

ஒரு காய்ச்சலோடு என் மனைவியின் நாக்கு செத்துப்போனது. ஒரு வருஷமாக அவளுக்கு உப்பு தெரியாது, காரம் தெரியாது. பார்க்காத வைத்தியம் இல்லை. ஒரு தீவின் சாப்பாடும் அங்கே பாடுகிற பழைய பாட்டும் சேர்ந்தால் செத்த நாக்கும் எழுந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். ஆசை யாரை விட்டது? விடுமுறைக்குக் கூட்டிப்போனேன்.

உச்சி வெயில். கடற்கரையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. சுவரோரம் மூன்று பேர் மேளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவங்களுக்கு மட்டும்தான் இருக்கு."

மனைவிக்குச் சோறும் மீனும் வந்தன. ஒரு வாய் வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"என்னங்க... உப்பு தெரியுது!"

எனக்கும் அழுகை வந்தது. அவள் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ருசியே இல்லை. பல்லில் நறநற... மீனைச் சரியாகக் கழுவவில்லை போல. துப்பினேன்.

பாட்டு நின்றது.

மூன்று பேரும் என்னை முறைத்தார்கள். மறுபடி மேளம். டம்... டம்... இப்போது வேகமாக. அதே வேகத்தில் அவள் கை வாய்க்குப் போனது.

அப்போதுதான் கவனித்தேன். மீன் சமைக்கிற கடையில் ஒரு ஈ இல்லை. அடுப்பில் நெருப்பு இல்லை.

"போதும், எழுந்திரு."

"இன்னும் கொஞ்சம்..."

"நீ போ," என்றாள் கடைக்காரம்மா. "அவ இருக்கட்டும்."

டம்டம்... டம்டம்...

அவளைப் பிடித்து இழுத்தேன்.

கடித்தாள்.

தூக்கிக்கொண்டு ஓடினேன்...

திரும்பும் படகிலேயே அவளுக்கு வயிற்றுவலி. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். ஒரு பருக்கை இல்லை, ஒரு மீன் முள் இல்லை. அத்தனையும் கடல் மணல். டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

"ருசியா இருந்துச்சு டாக்டர்," என்றாள் அவள்.

இப்போது வீட்டில் இருக்கிறோம். மறுபடி எதுவும் ருசிக்கவில்லையாம். சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறாள். டம்... டம்...

நேற்று மொட்டை மாடிக்குப் போனேன். செடிகள் வேரோடு வெளியே கிடந்தன. பூந்தொட்டிகளில் மண் இல்லை, சுத்தமாக வழித்திருந்தது. உள்ளே இரண்டு ஸ்பூன்கள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இன்று காலை பல் துலக்கினேன். வாய்க்குள் நறநற...