எங்கள் ஒத்த ரிங்

காலையில் என் போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றால் என் அக்கா சுகமாக இருக்கிறாள், வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். அதை நான் எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் திட்டுவாள். "உனுக்கு அறிவுகிறிவு இருக்குதாடி? ஒத்த ரிங் குடுத்தா எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்பாள்.

அக்காவைச் சொல்தா வீட்டில் கட்டிக்கொடுத்தோம். அக்கா வீட்டுக்காரரை மாமா என்பேன்; அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பட்டாளத்துக்காரரைச் சொல்தா என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். தாத்தாவின் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதங்களை வைத்துக்கொண்டு குடும்பமே பிரான்சுக்குப் போய்விட்டது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அக்காவுக்கு வேலை. அவள் போன புதிதில் அங்கிருந்து இங்கே பேசுவதென்றால் கார்டு வாங்கிச் சுரண்டி நம்பர் போட்டுப் பேச வேண்டும். நாலு வார்த்தை பேசுவதற்குள் தீர்ந்துவிடும். அப்போதுதான் இந்த ஒத்த ரிங்கைக் கண்டுபிடித்தோம். காசே ஆகாத பேச்சு. பிறகு வாட்சப் வந்தது, முகத்தையே பார்த்துப் பேசுகிறோம், ஆனாலும் அந்த ரிங்கை இருவருமே விடவில்லை.

அவள் அங்கே வேலைக்குக் கிளம்பும் நேரம் எனக்கு இங்கே கரும்புக் கொல்லையில் ஆட்களுக்கு டீ கொடுத்துவிட்டு வந்து உட்காரும் நேரம். போன் ஒரு தடவை அடிக்கும். "சரி, போய்ட்டு வா" என்று நான் வாய்விட்டே சொல்வேன். "அவுளுக்கு அங்க கேக்குதா இன்னா?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். கேட்கிறதோ இல்லையோ, எனக்கு அதைச் சொன்னால்தான் அடுத்த வேலை ஓடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வெளிநாடு என்றால் பிரான்ஸ்தான். துபாய்க்குப் போனவர்கள் இருக்கிறார்கள், சிங்கப்பூருக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், இருந்தாலும் கூட்டல் குறி போட்டு வாயில் நுழையாத நம்பர் ஒன்று வந்தால், "பிரான்ஸ்லேர்ந்து வருது பாரு" என்றுதான் சொல்வோம். உலகத்தில் வேறு நாடுகளுக்கும் அதே கூட்டல் குறிதான் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்தக் கார்டு காலத்தில் அக்காவின் போனே தடவைக்கு ஒரு நம்பரில் வரும். நம்பரைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் பழக்கம் எங்களுக்கு எங்கே இருந்தது?

போன வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள். "போன அங்க உள்ள வெச்சிக்க வுடுவாங்களோ இல்லியோ. யார் போன்லேர்ந்தாவது ரிங் குடுக்கறேன், பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் என் போன் ஒரு தடவை அடித்து நின்றது. கூட்டல் குறி, தெரியாத நம்பர். வழக்கமான நேரம் இல்லை. என்னவோ சொல்ல வருகிறாள் என்று அந்த நம்பருக்கே திருப்பிப் போட்டேன். எடுத்தார்கள். ஒரு பெண் குரல் ஏதோ பாஷையில் இனிமையாகப் பேசியது. பிறகு பியானோ வாசித்தார்கள். ஆஸ்பத்திரி என்றே நினைத்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமே இரண்டு வார்த்தைதான், அதில் ஒன்றை எடுத்து விட்டேன்: "போன்ழூர்!" பியானோ தொடர்ந்தது. அக்காவின் பெயரைச் சொன்னேன். மறுபடி அந்தப் பெண் வந்தாள், பேசினாள், மறுபடி பியானோ. அக்காவைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூட்டி வருகிறார்கள், நான் வைத்துவிட்டால் அவள் தவித்துப்போவாள் என்று காதில் ஒட்டிவைத்தபடியே நின்றேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. கடைசியில் அந்தப் பக்கமே அறுந்து போனது.

அன்று சாயங்காலம் அக்கா தன் சொந்த நம்பரிலிருந்தே பேசினாள். போனை அவளிடமே விட்டிருந்தார்களாம். நான் கேட்டதற்கு, "நான் எங்கடி ரிங் குடுத்தேன்?" என்றாள்.

பில் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. எங்கள் வீட்டில் எல்லா போனுக்கும் சேர்த்து ஒரே பில், என் மூத்தார் பெயரில். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன், ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அவரையும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பில்லைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னாம்மா இது? எந்த ஊர்க்காரனுக்கு இவ்ளோ நேரம் கதை சொன்ன?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏமாந்துட்டு வந்து நிக்கற. உனுக்கெல்லாம் எதுக்குமா டச் போனு? அத்த குடு. பட்டன் போன் ஒண்ணு வாங்கித் தரேன்."

கையை வேறு நீட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அந்த போனில்தான் என் அக்காவின் முகம் வருகிறது. அவளுக்கு அறுத்து வைத்தியம் பார்க்கப்போகிறார்கள், இன்னும் தேதிகூடச் சொல்லவில்லை. இப்போது போய்ப் பட்டன் போனாம்.

"திருடுனவன் எங்கியோ உக்காந்துனு இருக்கறான். அவன வுட்டுட்டு என் போன ஏன் மாமா புடுங்கறீங்க? நான் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த வீட்டுக்கு வாழ வந்து இத்தனை வருஷத்தில் அவர் முகத்துக்கு நேராக நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாளே பஸ் பிடித்து வில்லியனூரில் இருக்கும் போன் கம்பெனிக் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் ஒரு பெண். "நீங்களே டயல் பண்ணதுக்கா, பில்லு கரெக்ட்டு" என்றாள். அவளிடம் கத்தி என்ன பயன், ஆனாலும் கொஞ்சம் கத்தினேன். பாவம், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து விளக்கினாள். மெஷின் வைத்து ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரு தடவை அடித்து நிறுத்திவிடுவார்களாம். யாரோ நம்மைக் கூப்பிட்டார்களே என்று நாம் திருப்பிப் போட வேண்டும், அதுதான் அவர்களுக்கு வேண்டியது. அந்த நம்பருக்குப் பேசினால் நிமிஷத்துக்கு நிமிஷம் காசு ஏறிக்கொண்டே போகும், அதில் ஒரு பங்கு அந்தத் திருடர்களுக்குப் போகும். பியானோவும் பெண் குரலும் நம்மைப் பிடித்து நிறுத்திவைக்கத்தானாம். "அடிச்சா அடிச்சிட்டுப் போவட்டும்கா. எடுத்தாக்கூட ஒண்ணும் ஆவாது, திருப்பித்தான் போடக் கூடாது. உங்க ஆளுங்கதானான்னு சந்தேகமா இருந்தா நீங்க சேவ் பண்ணி வெச்ச நம்பர்ல கேளுங்க" என்றாள்.

என் நம்பரிலிருந்து வெளிநாட்டுக்கு நேராகப் போகும் அழைப்பை அடைக்கச் சொன்னேன். வருவது வரும், வாட்சப் வழக்கம்போல் வேலை செய்யும். வீட்டு நம்பர் எல்லாவற்றுக்கும் அடைக்கலாம், அதற்குப் பில் யார் பெயரிலோ அவர் வந்து சொல்ல வேண்டும் என்றாள். வீட்டில் சொன்னேன். "எனுக்குத் தெரியாதா? நான் இன்னா உன்ன மாதிரியா?" என்றார் மூத்தார்.

அன்று கடையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், அரியூரில் இறங்கும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பொருமிக்கொண்டு வந்தது பணத்துக்காக அல்ல. காசில்லாதவர்கள் கண்டுபிடித்த பேச்சு அது. நல்லா இருக்கேன், நீ கவலைப்படாதே என்று ஒரு பைசா செலவில்லாமல் சொல்கிற பேச்சு. அதையல்லவா எடுத்துத் தூண்டிலில் மாட்டியிருக்கிறான்? ஏமாந்தவள் என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும். கூடப்பிறந்தவள் கூப்பிட்டாள் என்று நினைத்துத் திருப்பிக் கூப்பிட்டேன். அதில் நான் வெட்கப்பட ஒன்றும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அக்காவிடம் வாட்சப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன் முடியும்வரை ஒத்த ரிங் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவளோ மாமாவோ நேராகப் பேச வேண்டும். அது யார் போனில் இருந்தாலும் சரி, முதல் வார்த்தையாக என் பட்டப்பெயரைச் சொல்ல வேண்டும். சின்ன வயசில் அடுப்பில் சுட்டு வைத்த கருவாட்டை நான் திருடித் தின்று மாட்டிக்கொள்வேன். அதனால் அக்கா எனக்கு வைத்த பெயர் கருவாட்டுப் பூனை. "எவன் வேணா ரிங் குடுக்கலாம். அந்தப் பேரு எவனுக்குடி தெரியும்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

ஆபரேஷன் அன்று எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. மத்தியானத்துக்கு மேல் முடியும் என்று மாமா சொல்லியிருந்தார். ஆட்கள் சாப்பிட்டுப் போன பிறகு போனை எதிரில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரும் மூத்தாரும் கொல்லைக்குப் போகாமல் அங்கேயே இருந்தார்கள். போன் அடித்தது. ஒரு தடவை. நின்றுவிட்டது.

கூட்டல் குறி, தெரியாத நம்பர்.

"ஏய், திருப்பிப் போடுடி" என்றார் என் வீட்டுக்காரர். நான் அசையவில்லை. "அது அக்கா இல்ல" என்றேன். சொன்னேனே தவிர எனக்கே நிச்சயமில்லை. அவளாகவே இருந்தால்? நாக்கு எழாமல் ஒரு ரிங் மட்டும் கொடுத்திருந்தால்? சேவ் செய்த மாமா நம்பருக்கு வாட்சப்பில் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மூத்தாருக்குப் பொறுக்கவில்லை. "ஆஸ்பத்திரிலேர்ந்துதாம்மா குடுத்துருப்பாங்க. பொம்பள அங்க இன்னா பாடுபடறாளோ! உன்துல போவாதுன்னா இன்னா, என்துல போடறேன். எத்தினி காசு ஆனா ஆவட்டும், நம்பரச் சொல்லு" என்று தன் போனை எடுத்துவிட்டார். என் அக்காவுக்காக அவர் அப்படிப் பதறியதை நான் மறக்க மாட்டேன். ஆனால் அதே பதற்றத்துக்காகத்தானே அங்கே ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான்?

நான் எழுந்தேன். அவர் எதிரில் போய்க் கையை நீட்டினேன்.

"அந்தப் போனக் குடுங்க மாமா."

"இன்னாம்மா?"

"குடுங்க. அக்கா பேசன பிற்பாடு தரேன்."

என் முகத்தைப் பார்த்தார். போனைக் கொடுத்துவிட்டார். அதையும் இடுப்பில் செருகிக்கொண்டேன். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாடு கத்தியதற்குக்கூட யாரும் எழுந்து போகவில்லை.

வெளிச்சம் சாயத் தொடங்கியபோது வாட்சப் அடித்தது. மாமாவின் படம். எடுத்தேன். அவர் உடனே போனைத் திருப்பினார். தலையணையில் அக்காவின் முகம், உதடெல்லாம் காய்ந்துபோய். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

"கருவாட்டுப் பூன…" என்றாள்.

நான் ஓவென்று அழுதேன். மூத்தார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, "அப்ப அந்த ரிங்கு?" என்று கேட்டார். "திருடன்து மாமா" என்று சொல்லி அவர் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவரே வில்லியனூருக்குப் போய் எல்லா நம்பருக்கும் அடைத்துவிட்டு வந்தார். எனக்கு என்ன போன் என்று அதன்பிறகு அவர் பேசுவதில்லை.

அக்கா தேறி மறுபடி வேலைக்குப் போகும் நாள் வந்தது. "அந்த ஒத்த ரிங்க வுட்டுடலாமாடி? அதான் கெட்டுப் பூடிச்சே" என்றாள்.

"ஏன் வுடணும்? அவனா நம்மளுக்குக் கத்துக் குடுத்தான்? நம்மகிட்டேர்ந்து திருடுனவன் அவன். ரிங்கு நம்முளுது" என்றேன்.

இப்போதும் தெரியாத நம்பரிலிருந்து என் போன் ஒரு தடவை அடித்து நிற்பது உண்டு. அடித்துக்கொண்டே கிடக்கட்டும். நான் கொல்லையிலிருந்து வந்து உட்காரும்போது அக்காவின் பெயரும் படமும் எழும்பி, ஒரே ஒரு தடவை அடித்து நிற்கிறது. நான் எடுப்பதில்லை. "சரி, போய்ட்டு வா" என்கிறேன்.