பட்டியலில் இல்லாத மாலுமி

கல்லிரோயி, கிரேக்கக் கடலோர ஊரான கலக்ஸீதியின் தபால் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள். ஒருமுறை முத்திரை குத்திய தபால்தலையைக் கழுவி மறுபடி ஒட்டி அவளிடம் நீட்ட அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. உறையைக் கையில் வாங்கியதும் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். கல்யாணம் பேச வந்தவர்கள்கூட அந்தப் பார்வையைத் தாங்காமல் திரும்பிப் போனதாக ஊரில் சொல்வார்கள்.

அவளுடைய அண்ணன் லிகூர்கோஸ் போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டனாக இருந்தார். 1942 நவம்பரில் பெய்ரூத் துறைமுகத்தைவிட்டுப் போன அந்தக் கப்பல் திரும்பி வரவில்லை. உள்ளே முப்பத்தெட்டுப் பேர். அவர்களில் நான்கு பேர், கேப்டனே பார்த்துப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்ட உள்ளூர் இளைஞர்கள். கண்ணிவெடியா, குண்டுவீச்சா, இயந்திரக் கோளாறா என்று எவருக்கும் தெரியாது. ஒரு உடல் ஒதுங்கவில்லை. ஒரு தொப்பிகூட மிதக்கவில்லை.

நவம்பர் தோறும் புனித நிக்கோலாஸ் கோவிலில் அவர்களுக்கு நினைவுப் பூசை நடக்கும். வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளை முத்துக்களும் கலந்து தாய்மார்கள் தட்டில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கைப்பிடி.

1951இல் அந்தக் கோதுமையை வாங்கக் கை நீட்டியவர்களில் ஒரு புது ஆள் இருந்தான். ஒல்லியாக, நாற்பதை நெருங்கிய வயதில், அளவில் பெரிய கோட்டு மாட்டியிருந்தான். தன் பெயர் அனெஸ்திஸ் என்றும், அந்தக் கப்பலில் மின்வேலை பார்த்தவன் என்றும், கடைசிப் பயணத்தன்று காய்ச்சலால் கரையில் இறக்கிவிடப்பட்டவன் என்றும் சொன்னான்.

தாய்மார்கள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். மகன் லூக்காஸைப் பறிகொடுத்திருந்த மலாமோ அவன் கையைப் பிடித்து வீட்டுக்கே இழுத்துப் போனாள். "உங்க மீன் சூப்பைப் பத்தியே பேசிக்கிட்டிருப்பான்மா. அதுமாதிரி உலகத்துலயே கிடையாதும்பான்" என்று அவன் சொல்ல, அவள் அழுதபடியே இரண்டாவது கிண்ணம் ஊற்றினாள்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கல்லிரோயிக்கு அது ஒட்டவில்லை. எந்த மகன்தான் அம்மா சமையலைப் பற்றிப் பேசமாட்டான்? அதைச் சொல்லக் கப்பலில் ஏறியிருக்க வேண்டுமா?

"எங்க அண்ணனைப் பத்தி ஏதாவது சொல்லு" என்றாள்.

"கேப்டனா? நல்ல மனுஷன், அக்கா. சிகரெட்தான் கொஞ்சம் அதிகம்."

லிகூர்கோஸ் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. அடுத்தவர் ஊதினாலே ஜன்னலைத் திறப்பார். கல்லிரோயி வீட்டுக்கு வந்தாள். பொய்யன் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த வருடமும் அவன் வந்தான். இந்தமுறை அவள் கண்ணி வைத்தாள்.

"அண்ணன் கையில பச்சைக்கல் மோதிரம் போட்டிருப்பாரே, ஞாபகமிருக்கா?"

"இல்லாமயா? வெயில்ல மின்னுமே!"

அண்ணன் மோதிரமே போட்டதில்லை. கல்லிரோயி அன்றைக்கே கடற்படை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பெயரில் அந்தக் கப்பலில் எவரும் பணிபுரியவில்லை. அதே துறைமுகத்தில் நின்ற துணைக்கப்பலின் சமையலறையில் உதவியாளாக அதே பெயரில் ஒருவர் இருந்திருக்கிறார்.

நவம்பர் வரும்வரை அந்தக் காகிதத்தை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தாள். பூசை முடிந்து, மலாமோ வீட்டில் அவன் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து உள்ளே போய், அதை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"படி. இல்லே, நானே படிக்கட்டுமா?"

அவன் படித்தான். கரண்டியைக் கீழே வைத்தான்.

"காய்கறி மூட்டை ஏத்திவிடுவேன்" என்றான் மெதுவாக. "அன்னிக்கும் ஏத்தினேன். கப்பல் கயித்தை அவிழ்த்துவிட்டதும் நான்தான். அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னு கேப்டன் சொல்லியிருந்தார். நான் சின்னப் பையனா இருந்தப்ப ஸ்மிர்னா நகரமே எரிஞ்சதுல எங்க குடும்பம் மொத்தமும் போயிடுச்சு. எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

மலாமோ கத்தவில்லை. கிண்ணத்தை அவன் முன்னாலிருந்து எடுத்தாள். "என் புள்ளை பேரைச் சொல்லித் தின்னியாடா? அவன் சொன்னதுன்னு நீ சொன்னதெல்லாம்?"

"லூக்காஸ்கிட்ட நான் பேசினதே இல்லை, அம்மா."

"எழுந்து போ."

அவன் போனான். கல்லிரோயிக்கு ஜெயித்த திருப்தி வரவேண்டும், வரவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது. படகுத்துறைவரை பின்னாலேயே போனாள்.

"நில்லு. எல்லாம் புளுகு, சரி. அந்தச் சிகரெட்டை எதுக்குச் சொன்னே?"

"அது மட்டும்தான் அக்கா நான் கண்ணால பார்த்தது."

"எங்கண்ணன் குடிக்கமாட்டார்."

"அன்னிக்குக் குடிச்சார். மூட்டைக்குப் பின்னால வந்து நின்னு என்கிட்ட நெருப்பு கேட்டார். மூணு குச்சி வீணாப்போச்சு. கை அப்படி நடுங்குச்சு. நாலாவதை நான்தான் பத்த வெச்சேன். 'பசங்க யாரும் பார்க்கலியே?'ன்னு கேட்டார். பாதியிலேயே கடல்ல வீசிட்டு, தொப்பியைச் சரிபண்ணிக்கிட்டு, சிரிச்ச முகமா மேலே ஏறிப்போனார்."

கல்லிரோயி அவனை உற்றுப் பார்த்தாள். கழுவி ஒட்டிய தபால்தலையைத் தேடும் அதே பார்வை. மற்றதெல்லாம் கேட்பவர் மனம் குளிரச் சொன்ன பொய்கள். பொய் சொல்கிறவன் கேப்டனைச் சிங்கமாகத்தானே காட்டியிருப்பான்? நடுங்கும் கையை எவன் ஜோடிப்பான்? அங்கேயே கயிறு கட்டும் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக, அவளுக்கு அண்ணன் சுவரில் மாட்டிய படமாக இல்லாமல், மனிதராகச் செத்துப்போனார்.

அடுத்த நவம்பரில் அனெஸ்திஸ் வரவில்லை. கோவிலில் மலாமோ மூன்று தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்ததைக் கல்லிரோயி கவனித்தாள்.

"அந்தப் புளுகன் வரலியா?" என்று கடைசியில் மலாமோவே கேட்டாள்.

"நீங்கதானே விரட்டினீங்க?"

"நான் விரட்டினேன். காகிதம் கொண்டுவந்தது யாராம்?"

கடற்படைக் கடிதத்தில் இருந்த அவனுடைய பிரேயஸ் நகர முகவரிக்குக் கல்லிரோயி இரண்டே வரி எழுதினாள். கயிறு அவிழ்த்தவனாக வருவதானால் வரலாம், மின்வேலைக்காரனாக வரவேண்டாம். அவன் வந்தான். அடுத்த நவம்பர் பூசையில் கடைசி வரிசையில் நின்றான். மலாமோ ஒரு கைக் கோதுமையை அவன் உள்ளங்கையில் வைத்து, "என் புள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. தின்னு" என்றாள். அவள் சாகும்வரை ஒவ்வொரு வருடமும் அதையே சொன்னாள். அவனும் வந்துகொண்டே இருந்தான்.

1961இல் ஊர்ச்சபை அந்தக் கப்பலில் போனவர்களுக்குத் துறைமுகத்தில் பளிங்கு நினைவுக்கல் வைக்கத் தீர்மானித்தது. 'அச்சமறியாத கேப்டன்' என்று எழுதி, குடும்பத்தின் சம்மதக் கையெழுத்துக்காக அவளிடம் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு சொல்லை எடுக்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கல்லிரோயி மறுத்தாள்.

"ஏன்மா, உங்க அண்ணன் வீரர் இல்லியா?" என்றார் ஊர்த்தலைவர்.

"யாரு இல்லேன்னா? அந்தச் சொல்லு வேண்டாம்."

காரணத்தை அவள் சொல்லவில்லை. அந்தக் கை நடுங்கியதை அண்ணன் மறைத்தார், அவளும் மறைத்தாள். கல்லில் பெயர்கள் மட்டும் ஏறின. சொந்த அண்ணன்மீதே பொறாமை பிடித்தவள் என்று ஊர் பேசியது. கடிதம் போட வந்தவர்கள் இப்போது அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவள் முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.