ஒரு தளபதிக்கு முதலாம் பரிசு

2011 செப்டம்பர் 15, வியாழக்கிழமை. காலை 6.45க்கு எழுந்தேன். பாலில் ஊறிய சீரியல் சாப்பிட்டேன். 8.10க்கு வீட்டிலிருந்து புறப்பட்டு, நோபல் பார்க் ரயில் கடவையில் இரண்டு ரயில்கள் போகும்வரை காத்து நின்று, 8.35க்கு வகுப்பில் இருந்தேன். முதல் பாடம் பின்னங்கள். மதியத்துக்கு முட்டை சாண்ட்விச். மாலை ஆறு மணிக்குப் பள்ளி மண்டபத்தில் என் பேச்சு. இவ்வளவும் என் பதினொரு வயது நாட்குறிப்பில் நீல மையில் இருக்கிறது. அன்று நடந்தவற்றில் முக்கியமான ஒன்று அதில் இல்லை. மறந்ததால் அல்ல, வேண்டுமென்றே விட்டது.

அந்தத் தவணையில் ஆறாம் வகுப்புக்குக் கொடுத்த வேலை, வரலாற்றை மாற்றிய ஒரு தலைவரைப் பற்றி ஒரு பெரிய அட்டையும் மூன்று நிமிடப் பேச்சும் தயாரிப்பது. மற்றப் பிள்ளைகள் நீச்சல் வீராங்கனைகளையும் விண்வெளி வீரர்களையும் எடுத்தார்கள். நான் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் தளபதி ஒருவரை எடுத்தேன். அவரைப் பிடித்ததால் அல்ல. நூலகத்தில் இருந்த புத்தகங்களில் அவருடையதில்தான் மிக அழகான வரைபடம் இருந்தது. தெற்கின் பெரிய நகரம் ஒன்றைப் பிடித்து, அங்கிருந்த மக்களை வெளியேறச் சொல்லி, அதன் பெரும்பகுதியை எரித்துவிட்டு, அறுபதாயிரம் பேர் கொண்ட படையை அவர் கடல்வரை நடத்திச் சென்ற வழி அதில் சிவப்புக் கோடுகளாக இருந்தது. வழியில் இருந்த பண்ணைகளின் தானியத்தையும் மாடுகளையும் படை எடுத்துக்கொண்டது. தண்டவாளங்களைத் தீயில் பழுக்கக் காய்ச்சி மரங்களைச் சுற்றி வளைத்தது. போர் சீக்கிரம் முடிந்ததும் அடிமைகள் விடுதலையானதும் அவரால்தான் என்று ஒரு சாராரும், ஊரெரித்தவர் என்று இன்னொரு சாராரும் இன்றும் சண்டை போடுகிறார்கள். நியூயோர்க்கில் அவருக்குப் பொன் பூசிய குதிரைச் சிலை இருக்கிறது. அந்தக் குதிரையை வரையவே எனக்கு நான்கு நாள் பிடித்தது.

"உந்தக் குதிரைக்கு வால் கீறி முடியிறதுக்குள்ளை சண்டையே முடிஞ்சு போயிடும்" என்று அம்மா சொன்னா. அப்பா அந்த மாதம் முழுக்க என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஜெனரல் அம்மா, சாப்பிட வாறியளோ, இல்லாட்டி இண்டைக்கும் ஆரின்ரையாவது வீட்டைக் கொளுத்தப் போறியளோ?" என்பார். சிரிப்போம். அந்தச் சிரிப்பில் மாமா சேர்ந்தாரா என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போது எங்களிடம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கிளிநொச்சியில் நில அளவையாளராக இருந்தவர், இங்கே பக்கத்து ஊரான டண்டினொங்கில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் காலை ஐந்து மணி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மாமியும் அவர்களுடைய மகளும் 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், சனத்தோடு சனமாக ஏரியைக் கடந்தபோது அவரிடமிருந்து பிரிந்துவிட்டார்கள். அவர் கரை சேர்ந்தார். அவர்கள் சேர்ந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. முகாம்களின் பட்டியல்களில் இல்லை, ஆஸ்பத்திரிப் பட்டியல்களில் இல்லை, இறந்தவர்களின் பட்டியலிலும் இல்லை. மாமா எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்களில், கடிதம் கிடைத்தது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இதில் ஒரு வரிகூட எனக்கு அப்போது தெரியாது. "மாமி பிறகு வருவா" என்று சொல்லியிருந்தார்கள். 2009இல் நான் அறைக்குள் வந்தால் தொலைக்காட்சியை நிறுத்துவார்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர்கள் வாசலுக்குப் போய்விடுவார்கள். பிள்ளையின் படிப்பு குழம்பக்கூடாது என்பது காரணம். எத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. குழம்பாமல் படித்த பிள்ளை என்ன படித்தது என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வரைபடத்தில் எனக்கு உதவியது மாமாதான். பின்னேரம் வேலையால் வந்து, கை கழுவி, தேநீரோடு என் பக்கத்துக் கதிரையில் உட்காருவார். முதல் நாள் அட்டையைப் பார்த்துவிட்டு, "வடக்குக் குறி எங்கை, பிள்ளை?" என்று கேட்டார்.

"அது தேவையோ?"

"வடக்குக் குறி இல்லாமல் போனால் உங்கடை ஜெனரல் கடலுக்குப் போகமாட்டார். சுத்திச் சுத்தி எங்கடை குசினிக்குள்ளைதான் வந்து நிப்பார்."

அளவுத்திட்டம் போடக் கற்றுத் தந்தார். ஆறு என்றால் எப்படி, ஓடை என்றால் எப்படி என்று கோட்டின் தடிப்பைக் காட்டித் தந்தார். அந்த வீட்டில் அவர் ஒரே இருப்பில் அவ்வளவு நேரம் பேசியது அந்த நாட்களில்தான். மூன்றாம் நாள், எல்லாம் முடிந்த பிறகு, பென்சிலின் பின்பக்கத்தை என் சிவப்புக் கோட்டின்மீது மெதுவாக நடத்திக்கொண்டு வந்து கேட்டார்.

"இந்த வழியிலை இருந்த சனம் எங்கை போனது?"

"மாமா, தட்ஸ் நாட் த கொஸ்டியன்" என்றேன். ஆசிரியை தந்த புள்ளித்தாளை எடுத்துக் காட்டினேன். தலைவரின் குணங்களுக்குப் பத்து, ஆதாரங்களுக்குப் பத்து, பேச்சுக்குப் பத்து. மொத்தம் முப்பது. சனத்துக்குப் பெட்டி இல்லை.

மாமா அந்தத் தாளைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழ்வரை வாசித்தார். மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அது வெற்றுப் பக்கம். "ஓம், இதிலை இல்லைத்தான்" என்று திருப்பித் தந்தார்.

ஆனால் புத்தகத்தில் இருந்தது. அதை நான் வாசித்திருந்தேன். விடுதலையான அடிமைகள், பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களுமாக, பாதுகாப்பு என்று நம்பி அந்தப் படைக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். டிசம்பர்க் குளிரில் ஓர் ஓடையைக் கடக்கும்போது, தளபதிக்குக் கீழிருந்த அதிகாரி ஒருவர் தன் படை அக்கரை சேர்ந்ததும் மிதவைப் பாலத்தை இழுத்து எடுக்கச் சொல்லிவிட்டார். பின்னால் எதிரிக் குதிரைப்படை வந்துகொண்டிருந்தது. இக்கரையில் விடப்பட்டவர்கள் தண்ணீரில் குதித்தார்கள். எத்தனை பேர் மூழ்கினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. தளபதி தன் அதிகாரியின் பக்கமே நின்றார். இது ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தது. கதையைக் குழப்புகிறது, மூன்று நிமிடத்துக்குள் அடங்காது என்று விட்டுவிட்டேன். ஆசிரியையிடமும் கேட்டேன். "நல்ல பேச்சுக்கு ஒரே ஒரு வாதம் போதும்" என்று அன்பாகத்தான் சொன்னார். என் வாதம், அவர் கடுமையாக இருந்தார், அதனால் போர் சீக்கிரம் முடிந்தது என்பது.

அந்த வியாழக்கிழமை மாலை மண்டபத்தில் எண்பது கதிரைகள் போட்டிருந்தார்கள். அம்மா சேலை உடுத்தி வந்திருந்தா. அப்பா வேலைச் சட்டையை மாற்ற நேரமில்லாமல் வந்தார். காலை ஐந்து மணி வேலைக்காரரான மாமாவும் வந்திருந்தார். வரத் தேவையில்லை என்று அம்மா சொன்னதற்கு, "நானும் கீறின மேப் எல்லோ" என்றாராம்.

வகுப்பில் தெரிவான ஆறு பேர் பேசினோம். நான் நான்காவது. தடுமாறவில்லை. இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் முடித்தேன். கை தட்டினார்கள். பேச்சாளர் ஒவ்வொருவரிடமும் பெற்றோர் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது ஏற்பாடு. மற்றவர்களிடம், உனக்கு எதனால் இவரைப் பிடித்தது, வளர்ந்து என்னவாக விரும்புகிறாய் என்று கேட்டார்கள். என் முறைக்கு ஐந்தாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மாமா எழுந்து நின்றார். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்துக் கேட்டார். அந்த வழியில் இருந்த சனங்கள் எங்கே போனார்கள்? யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

பின்வரிசையில் யாரோ அவருடைய உச்சரிப்புக்குச் சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்கு வந்த கோபத்தை இப்போதும் அப்படியே சொல்ல முடியும். வீட்டில் கேட்டு முடிந்த கேள்வியை இத்தனை பேர் முன்னால், அதுவும் அந்த ஆங்கிலத்தில் கேட்கிறாரே, வேண்டுமென்றே என்னை மாட்டிவிடுகிறாரே என்று நினைத்தேன். ஒலிவாங்கிக்குக் கிட்டப் போனேன். "அவர்களை முன்பே வெளியேறச் சொல்லியிருந்தார்கள். அங்கே நின்றவர்கள், தாங்களாக நிற்க விரும்பி நின்றவர்கள்" என்றேன்.

முன்னதைவிடப் பலமாகக் கை தட்டினார்கள்.

அது பொய் என்பதைக் குறித்து வைக்க வேண்டும். வெளியேறச் சொன்னது ஒரு நகரத்துக்கு மட்டும். நான் அதைக் கடல்வரை இருந்த எல்லா ஊர்களுக்கும் நீட்டினேன். நின்றவர்கள் விரும்பி நின்றார்கள் என்று அந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த வாக்கியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னர் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கிருந்தும் வரத் தேவையில்லை. புள்ளி வாங்கத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் அது தானாக வரும். பெரியவர்களுக்கும் அப்படித்தான் வருகிறது. அவர்கள் அதற்கு அறிக்கை என்று பெயர் வைக்கிறார்கள். மாமியும் அவர் மகளான என் மச்சாளும் போகச் சொன்ன இடங்களுக்கெல்லாம் போனவர்கள். அந்த இடத்துக்குப் போங்கள் என்று வந்த ஒவ்வொரு துண்டுப்பிரசுரத்துக்கும் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு எழும்பினவர்கள். இதை அம்மா என்னிடம் சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது.

மாமா நன்றி சொல்லி உட்கார்ந்தார். எனக்கு முதலாம் பரிசு. முப்பதுக்கு இருபத்தெட்டு. நடுவரின் குறிப்பில் "தெளிவான, சமநிலையான பேச்சு" என்று இருந்தது. சமநிலையாம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், கிழித்துப் போடும் தகுதி எனக்கு இல்லாததால்.

கார் இரண்டு சந்திகளைத் தாண்டியது. அப்பா, "ஏன் மச்சான், பிள்ளையட்டை அதைப் போய் அங்கை..." என்று தொடங்கினார்.

"சும்மா இருங்கோப்பா" என்றா அம்மா. யன்னல் பக்கம் திரும்பியிருந்தா.

நான் பின்னிருக்கையில் மாமாவுக்குப் பக்கத்தில், சான்றிதழ் மடியில் மடங்காமல் இருக்க இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"நல்லாப் பேசினீங்கள்" என்றார் மாமா. பிறகு, "பிள்ளை, அந்தப் புத்தகத்தை நான் ஒருக்காப் பாக்கலாமோ?" என்றார்.

"ஏன்?"

"சும்மா. அவ்வளவு பெரிய புத்தகம். நூற்றைம்பது வருசமா இருந்து எழுதியிருக்கினம். சனத்தைப் பற்றியும் எங்கையாவது எழுதியிருப்பினம். எப்பிடி எழுதியிருக்கினம் எண்டு பாக்கத்தான். நாளைக்குப் பின்னேரம் வேலையாலை வந்து பாக்கிறன்."

"உங்களுக்கு அந்த இங்கிலீஷ் விளங்காது" என்றேன்.

"நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோவன்" என்றார். அதில் கோபம் இருக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய ஆத்திரமாக இருந்தது.

அந்த மனிதர் என்னைச் சோதிக்கவில்லை, மாட்டிவிடவில்லை. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்து போர் என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் நான்தான். அதனால் என்னிடம் கேட்டார். தளபதிகளைப் பற்றி இத்தனை எழுதும் உலகம், தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றவர்களைப் பற்றியும் எங்காவது ஒரு வரி எழுதும் பழக்கம் உள்ளதா என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. உள்ளது என்றால், தன்னுடைய கடிதங்களுக்கும் ஒருநாள் பதில் வரலாம். அதைச் சொல்லக்கூடிய பக்கத்தை வாசித்திருந்த ஒரே ஆளும் அந்தக் காரில் நான்தான். அன்று எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: மாமா புத்தகத்தைத் திறந்தால், நான் சொன்னது பிழை என்று கண்டுபிடித்துவிடுவார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 6.20க்கு எழுந்தேன். மாமா வேலைக்குப் போய்விட்டிருந்தார். பல் துலக்கும் முன்பே புத்தகத்தை எடுத்துப் பள்ளிப் பையில் விளையாட்டு உடுப்புகளுக்கு அடியில் வைத்தேன். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. 7.40க்கு, நூலகம் திறப்பதற்கு முன், வெளிச்சுவரில் இருந்த திருப்பிக் கொடுக்கும் துவாரத்தில் அதைப் போட்டு, உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன்.