விட்டுப்போன ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர்

முதலில் நினைவுக்கு வருவது மென்று துப்பிய பாக்கின் வாடைதான். வில்லியனூரில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் நடந்த அந்த ட்யூஷனில், மாஸ்டர் பாடத்தின் நடுவே எழுந்துபோய் ஜன்னல் வழியாகத் துப்புவார். பாதி வெளியே போகும், மீதி சுவரில் சிவப்பாக வழியும். அந்தச் சுவரை ஒட்டிய பெஞ்சுதான் பெண்களுக்கு. ஏம்பலத்திலிருந்து பஸ்ஸில் வரும் நான் பிளஸ் ஒன் இயற்பியலை மூச்சை அடக்கிக்கொண்டே படித்தேன்.

நாளுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை ஆரம் என்ன என்பது கணக்கு. மாஸ்டர் வழியைச் சொல்லாமல் விடையை மட்டும் சொல்லி, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் என்று "மக்" அடிக்கச் சொன்னார். வீட்டில் நான் ஈர்ப்பு விசையையும், வட்டத்தில் சுற்றத் தேவையான மையநோக்கு விசையையும் சமமாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வந்தது. மறுபடி போட்டாலும் அதேதான். பிறகுதான் உறைத்தது: அவர் சொன்னது தரையிலிருந்து உயரம். ஆரத்தைப் பூமியின் மையத்திலிருந்து அல்லவா அளக்க வேண்டும்? பூமியின் சொந்த ஆரமான ஆறாயிரத்து நானூற்றை அவர் சேர்க்கவே இல்லை. அன்று சோறு இறங்காத அளவுக்குச் சந்தோஷம்.

மறுநாள் சொன்னதும் போர்டில் போடச் சொன்னார். போட்டேன். அவர் போர்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அழி," என்றார். டஸ்டரைத் தேடினேன். "துப்பட்டா இருக்குதுல்ல, அதால தொடை."

பையன்கள் சிரித்தார்கள். துடைத்தேன். அந்தச் சுவரோரப் பெஞ்சுக்கே திரும்பிப் போனேன்.

அப்பா திருவாண்டார்கோயிலில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவர்; இயற்பியல் தெரியாது. துப்பட்டாவில் சாக்பீஸ் தூளைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், மறுநாள் என்னோடு மாடியேறினார்.

"கணக்கு ரைட்டா, தப்பா சார்? அத மட்டும் சொல்லுங்க."

"பொட்டப் புள்ளைக்கு இவ்ளோ வாய் ஆவாது," என்றார் மாஸ்டர்.

"வாம்மா, போலாம்," என்று அப்பா என் பையை எடுத்துக்கொண்டார். அதன்பின் ட்யூஷனே இல்லாமல் படித்தேன்.

பிளஸ் டூ ரிசல்ட்டில் இயற்பியலில் எங்கள் பள்ளியிலேயே நான்தான் முதல். அந்த வாரமே செருப்புக்கடைக்கு மேலே ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. 'எங்கள் மாணவி' என்று என் படம். பக்கத்தில் கைகூப்பியபடி மாஸ்டர். பள்ளியில் யாரிடமோ படத்தை வாங்கியிருக்கிறார். பார்த்த அந்த நிமிடம் பட்ட அருவருப்பு, துப்பட்டாவால் துடைத்த அன்றுகூட எனக்கு வந்ததில்லை.

எடுக்கச் சொல்லி அப்பா கேட்டார், மாஸ்டர் எடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த ஒரு மாலை, அப்பா கடைக்காரரிடம் ஏணி வாங்கி ஏறி, பிளேடால் என் முகத்தை மட்டும் அறுத்தெடுத்துக்கொண்டு இறங்கினார். மழை வந்து கிழிக்கும்வரை அந்த ஃப்ளெக்ஸ் ஓட்டையோடு தொங்கியது.

இப்போது அந்தக் கட்டடமே இல்லை. இடித்துவிட்டு ஒரு செல்போன் கடை வந்திருக்கிறது. ட்யூஷனும் போயிற்று, மாஸ்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பழையது எது போனாலும் ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாடி போனதில் எனக்கு நிம்மதிதான்.