மாமா கரைத்த சரிகை

என் மாமாவுக்குத் தெரியாத தொழில் உலகத்தில் கிடையாது. அதில் ஒன்றையாவது உருப்படியாகச் செய்ததும் கிடையாது என்பாள் அம்மா. கூடப்பிறந்தவள், சொல்லலாம்.

நான் நாலாம் வகுப்பு படித்த சமயம். கிழிந்த பட்டுப்புடவைகளைச் சரிகைக்காக வாங்கும் பாய் ஒருவர் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வாராவாரம் வருவார். மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்த அம்மாவின் கல்யாணப் புடவையை அவரிடம் கொடுக்க மாமா விடவில்லை.

"அவரு இன்னா மந்திரமா போடறாரு? திராவகத்துல போட்டா வெள்ளி தனியா வந்துடும். கொழந்தைக்குக் கொலுசு பண்ணிப் போடறேன்" என்றார். கொலுசு என்ற பிறகு நான் முழுக்க மாமா கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புடவையை எரித்து, மிஞ்சிய சரிகையைப் பீங்கான் ஜாடியில் போட்டுத் திராவகத்தை ஊற்றினார். செங்கல் நிறத்தில் புகை கிளம்பியது. வேறு யாராக இருந்தாலும் வெளியே ஓடி வந்திருப்பார்கள். மாமாவோ, புகையோடு வெள்ளியும் பறந்துவிடும் என்று, தான் உள்ளே இருந்துகொண்டே கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினார். இருமல் சத்தம் பொறுக்காமல் அம்மாதான் கதவை இடித்துத் திறக்க வைத்தாள்.

அரை மணியில் இருமல் நின்றுவிட்டது. மோர் குடித்துவிட்டு, தான் இருமிய அழகைத் தானே நடித்துக் காட்டினார் மாமா. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து பாய் வந்தார். ஜாடியையும், மஞ்சள் பூத்திருந்த மாமாவின் விரல்களையும் பார்த்தவர் மூட்டையை வாசலிலேயே போட்டார்.

"எம்மா நேரம்மா உள்ள இருந்தாரு?"

"கால் மணி இருக்கும். இப்ப நல்லாத்தான் இருக்குறாரு பாய்" என்றாள் அம்மா.

"இப்ப நல்லாத்தான் இருப்பாரு. சாயங்காலம்தான் மூச்சு அடைக்கும். வண்டி கூப்பிடறேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

புடவை கைநழுவிய எரிச்சலில் பாய் பயமுறுத்துகிறார் என்றார் மாமா. எனக்கும் அப்படித்தான் பட்டது. பாய் வாதாடவில்லை. மாமாவை ஓரடிகூட நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டுபோய்க் குதிரைவண்டியில் உட்கார வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமாவின் உதடு நீலம் பாரித்தது. மூச்சு களகளவென்று சத்தம் போட்டது. டாக்டர் அம்மாவிடம் சொன்னார்: "நுரையீரலுக்குள்ள இருக்கிற மெல்லிசுத் தோலை அந்தப் புகை அரிச்சிடுச்சும்மா. உடனே தெரியாது. சில மணி நேரம் கழிச்சு அதுவழியா தண்ணி கசிஞ்சு உள்ள ரொம்பும். வீட்டுல இருந்திருந்தா எங்க கையில இல்ல."

மாமா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். வரதராஜப் பெருமாளுக்கு அம்மா வேண்டிக்கொள்ளாத வேண்டுதல் இல்லை. மூன்றாம் நாள் மாமா கண்ணைத் திறந்து, "ஜாடிய யாரும் கொட்டிடலியே?" என்றார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா அழுதுகொண்டே அவரைத் திட்டித் தீர்த்தாள்.

மாமா வீடு திரும்பிய அன்று பாய் பார்க்க வந்தார். காபியை நீட்டிய அம்மா, "நீங்க மட்டும் அன்னைக்கு வரலன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"என் தம்பியும் இதே வேலைதாம்மா. இருமல் நின்னுடுச்சுன்னு சிரிச்சிக்கினே போய்ப் படுத்தான். எங்களுக்குச் சொல்ல யாரும் இல்ல" என்ற பாய், தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமாதான் பிழைத்துவிட்டாரே, நல்ல நாளும் அதுவுமாக இவர் எதற்கு அழுகிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.