பத்துமலைக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை

தோட்டத்து வரிசை வீடுகளை எழுதுகிறவர்கள் லயம் என்று எழுதிக்கொள்ளட்டும். நாங்கள் லைன் என்றுதான் சொன்னோம். நானும் அப்படித்தான் சொல்வேன். மலேசியாவில் ஈப்போ பட்டணத்துக்குச் சற்றுத் தள்ளி, ரப்பர்த் தோட்டத்து இரண்டாவது லைனில் எனக்குப் பக்கத்து வீடு பத்துமலையின் வீடு. தகப்பன் இல்லை. தாய் செல்லாயி என்னோடு பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகிறவள்.

எழுபத்தைந்தாம் வருஷம் பத்துமலைக்கு பஸ் கண்டக்டர் வேலை கிடைத்தது. அதோடு ஓர் இங்கிலீஷ் வார்த்தையும் கிடைத்தது. புதிதாக ஒன்றுமில்லை, நாங்கள் குடியிருந்த அதே லைன்தான். ஆனால் அதை அவனைப் போல் வேலை வாங்கியவர் யாருமில்லை. பஸ் திரும்பும்போது தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "லைன் கிளியர்!" என்பான். பஸ் போகும் பாதை லைன். குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றால், "லைனை உடைக்காதீங்கக்கா" என்பான். துணி காயும் கயிறு லைன். தூண்டில் நரம்பும் லைன். வயிறு கடமுடா என்றால்கூட, "உள்ள லைன் சரியில்லக்கா" என்பான்.

"ஒரு வார்த்தைக்கு இத்தனை வேலை குடுக்கிறியே, அதுக்குச் சம்பளம் உண்டாடா?" என்று கேட்டேன்.

"ஓவர்டைம் போட்டுத் தரேன்லா!"

ஒரு நாள் கூச்சத்தோடு வந்து நின்றான். "அக்கா, ஒரு பொண்ணுக்கு லைன் போட்டிருக்கேன்."

"இதுவும் லைன்தானா?"

"இதுதான்க்கா பெரிய லைன்."

பெண் பெயர் நவமணி. பட்டணத்துப் புந்தோங்கில் வீடு. ஜெலாப்பாங் ஃபாக்டரிக்கு இவன் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவாள். அவளுக்கும் சம்மதம். அவள் தாய் இருளாயிக்குத்தான் தோட்டத்தில் பெண் கொடுக்க மனமில்லை. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றுவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து பத்துமலைக்குச் சோறு இறங்கவில்லை.

லைன் வீட்டுச் சங்கதி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரை போகாது. முதல் வீட்டில் இருமினால் கடைசி வீட்டிலிருந்து, கஷாயம் வைத்துக் குடி என்பார்கள். பெண் வீட்டார் வரும் நாளன்று செல்லாயி விடிந்ததுமே வீடுவீடாகப் போய், "அவங்க கிளம்புற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது" என்று கெஞ்சிவிட்டு வந்தாள்.

இருளாயியும் புருஷன் சன்னாசியும் வந்தார்கள். நான்தான் காப்பி கலக்கினேன். குடித்துவிட்டு, தனியாகப் பேச வேண்டுமென்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பட்டணத்தில் கதவைச் சாத்தினால் போதும்தான்.

"பையன் குடிப்பானோ என்னமோ," என்று கிசுகிசுத்தாள் இருளாயி.

வீரம்மாவால் சும்மா இருக்க முடியுமா? மூன்றாம் வீட்டிலிருந்து, "கள்ளுக்கடைப் பக்கமே போக மாட்டான்லா!" என்றாள்.

உள்ளே இருளாயி புருஷனைக் கேட்டாள்: "யாருங்க அது?"

"தெரியலயே," என்றார் சன்னாசி.

இருளாயி இன்னும் குரலை இறக்கினாள். "மாமியார்க்காரி கோவக்காரியா இருப்பாளோ?"

"அதெல்லாம் ஒரு வெத்தலை போடுற வரைக்கும்தான்!" இது அந்தப் பக்கத்து உடையப்பன்.

செல்லாயி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பத்துமலை வாயில் அந்த ஒரு வார்த்தைகூட இல்லை.

கதவு திறந்தது. இருளாயி வெளியே வந்து, கூரையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள்: "சரி, உங்க பிள்ளைகிட்ட குறை ஒண்ணுமே இல்லையா?"

எனக்குப் பொய் வராது. வந்தாலும் சொல்ல மாட்டேன்.

"குறட்டை விடுவான்மா. லைன் பூரா கேக்கும்," என்றேன். செல்லாயி என் தொடையில் கிள்ளினாள்.

"இவர விடவா?" என்று இருளாயி புருஷனைக் காட்டினாள். சன்னாசி சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு செல்லாயியிடம் வந்து, "எங்க பக்கத்துல அடிதடி நடந்தாக்கூட எட்டிப் பார்க்க ஆளில்ல சம்பந்தி. இங்க என் பொண்ணு அழுதா, இத்தனை பேருக்குக் கேக்கும். எனக்கு அது போதும்," என்றாள்.

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் பத்துமலை துள்ளி எழுந்தான். பஸ்ஸில் தட்டுவது போலப் பலகைச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"டேய், சுவரு விழுந்துடும்லா!" என்று கத்தினாள் வீரம்மா. "கறிச்சோறு என்னைக்குன்னு மொதல்ல கேட்டுச் சொல்லு!"