சேதுராம் சாரும் கியூப் தொட்டியும்

சேதுராம் சார் போய்விட்டார்... நேற்று மதியம் சாப்பிட்டுப் படுத்தவர், தூக்கத்திலேயே.

வலி இல்லை, ஆஸ்பத்திரி அலைச்சல் இல்லை. போனில் கேட்டதும் அழுகைக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது.

அலங்காநல்லூர் தாண்டிப் பாலம் வேலை நடந்தபோது அவர் குவாலிட்டி இன்ஜினியர், நான் சர்வேயர். சைட் லேபில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க வார்க்கும் கட்டிகளை, கியூப் என்போம், அதில்தான் ஊறப்போடுவார்கள்.

அந்தத் தொட்டிக்கு அவர்தான் போலீஸ். ஒருநாள் நான் அதில் கை கழுவிவிட்டேன்...

"ஏன்யா, இது என்ன ஒங்க வீட்டு வாஷ்பேசினா?"

அதற்குப் பிறகு தன் தாய்மொழியான சௌராஷ்டிராவில் ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. திட்டு என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அடுத்த மே மாதம். மதிய வெயிலில் லெவல் எடுத்துக்கொண்டிருந்தவன் உளற ஆரம்பித்தேனாம். லாரி டிரைவரைப் பார்த்து 'அத்தை' என்றேனாம். அப்படியே விழுந்துவிட்டேன். உடம்பு நெருப்பாகக் கொதித்ததாம்.

ஆம்புலன்ஸ் அங்கே வந்து சேர நேரமாகும். ஆளாளுக்குச் சோடா, மோர் என்று ஓட, சார் வந்து தொட்டுப் பார்த்திருக்கிறார்.

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, நெனவில்லாதவனுக்குப் புரையேறிரும். தொட்டியில எறக்குங்க."

"சார், உள்ள கியூப் கெடக்கு..."

"தூக்கி வெளிய போடுங்கய்யா. ஆள் போயிருவான்."

வெயிலில் சூடேறாமல் இருக்கக் கான்கிரீட்டில் கலக்க வந்திருந்த ஐஸ் அத்தனையும் தொட்டிக்குள். எனக்கு நினைவு திரும்பியபோது கழுத்துவரை தண்ணீர், தலை மட்டும் அவருடைய இரண்டு கைகளில். மேலே சௌராஷ்டிராவில் திட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாடா, உயிரோடு இருக்கிறேன் என்று அந்தத் திட்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கேயே உடம்பைக் குளிர வைத்ததால்தான் பிழைத்தேன் என்றார் டாக்டர்.

சார் அதையெல்லாம் பேசவே மாட்டார். எப்போது பார்த்தாலும், "ஒன்னால என் கியூப் அம்புட்டும் வீணாப் போச்சுடா" என்பார். கையோடு, "தண்ணி குடிச்சியா?"

போன மாதம் வீட்டுக்குப் போனபோதும் அதே கேள்வி. நல்லவேளை, போய்ப் பார்த்தேன்.

இன்று விடியுமுன் அவர் மகன் சொன்னார்: "வெயில் ஏறுமுன்ன எடுத்துரணும், நமக்காக யாரையும் வெயில்ல நிக்க வைக்கக்கூடாதுன்னு அப்பா முன்னாடியே சொல்லிட்டாருண்ணே."

விடிந்ததுமே தூக்கினோம். தலைப்பக்கம் நான் பிடித்துக்கொண்டேன்.

நல்லாத் தூங்குங்க சார்...